மணி அடிக்கும்வரை சொன்ன கதை

கல்முனைக்குடி
8.6.1997

அன்புள்ள மலர்,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு இப்போது கீழே இரண்டு பல் முளைத்து, பாயைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நுஸைபா என்று பெயர் வைத்தோம். இரவில் காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஆமி மறிக்கிற எந்தச் சென்றியால் போவது, எந்தச் சென்றியில் விடமாட்டார்கள் என்று பகலெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். காய்ச்சல் வருவதில்லை. யோசனைதான் வருகிறது.

எழுதுவதற்குக் காரணம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு விளம்பரம். 'வெண்திரை வட்டம்' என்று கொழும்பில் ஒரு அமைப்பாம். டெலிநாடகம் எழுத விரும்புகிறவர்கள் தங்கள் கதையைத் தயாரிப்பாளர்களுக்கு நேரில் சொல்லலாம். கட்டணம் கட்டிப் பதிந்தால் ஒருவருக்கு ஐந்து நிமிடம். தயாரிப்பாளர்களின் பெயர்கள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் உன் குணம் சேர்.

நீ அவரிடம்தானே வேலை செய்கிறாய். உண்மையைச் சொல். போனால் பிரயோசனம் இருக்குமா?

இவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டொக்டருக்கிட்டக் காட்டவும் காசு, லோயருக்கிட்டக் கதைக்கவும் காசு. சரி. அவங்க நம்மட கரைச்சலக் கேட்டு ஏதாச்சும் செய்வாங்க. கதை கேக்கிறதுக்குமா காசு எடுக்கிறானுகள்?" அப்படிச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெஸீமை உனக்குத் தெரியாது. சம்மாந்துறை ஆலையில் கணக்குப் பார்க்கிறார். பகிடி விட்டுத்தான் சம்மதிப்பார்.

என் கதை இதுதான். ஒரு உம்மா. மூன்று பெண் பிள்ளைகள். ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு வீடு போகிறது. உம்மா பின்வளவுக்குப் போகிறா, பிறகு இன்னொரு வளவுக்கு, கடைசியில் கட்டி முடியாத ஒரு வீட்டின் குசினிக்கு, அடுப்படிக்கு. அவ அழுவதே இல்லை. அதுதான் கதை.

வானொலிக்கு எவ்வளவோ அனுப்பினேன். ஒலிபரப்பாகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. யாராவது என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால்கூடப் போதும் போல இருக்கிறது. டியூசன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது கொஞ்சம் கையில் இருக்கிறது. உன் பதிலைப் பார்த்துத்தான் கட்டுவேன்.

ஸுஹைறா


வெள்ளவத்தை
21.6.1997

அன்புள்ள ஸுஹைறா,

பிள்ளைக்கு என் முத்தம். பாயைக் கடிக்க விடாதே.

நீ கேட்டதற்கு நேராகப் பதில்: வராதே.

போன வருடமும் இதை நடத்தினார்கள். மண்டபம் நிறைய ஆட்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பாஸ் எடுத்து, கப்பலில் வந்த ஒருவரும் இருந்தார். எனக்குத் தெரிந்து அவர்களில் ஒருவருடைய கதையும் படமாகவில்லை. மேசை போட்டிருப்பார்கள், மேசையில் பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள், ஆட்கள் வந்து பலகையைப் பார்த்துக் கதை சொல்லிவிட்டுப் போவார்கள். மணி அடிக்கும். தேநீரும் பற்றிஸும் தருவார்கள். பற்றிஸ் நல்லாக இருக்கும்.

உன் கதையை எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு. நான் மேலே கொடுக்கிறேன். முத்திரைச் செலவு மட்டும்தான். சேர்த்த காசைப் பிள்ளைக்கு வைத்துக்கொள். கைக்குழந்தையோடு அந்த பஸ் பயணம் வேண்டாம்.

இதற்கு மேல் என்னிடம் விபரம் கேட்காதே. நான் அங்கே வேலை செய்கிறவள். வீட்டில் என் நிலைமை உனக்குத் தெரியும். காரைதீவில் எனக்கென்று எழுப்பிய சுவர் மூன்று மாரிக்கு நனைந்துவிட்டது. கூரை போடும்வரை எனக்கு இந்தச் சம்பளம் வேண்டும்.

மலர்


கல்முனைக்குடி
4.7.1997

மலர்,

உன் கடிதம் கிடைத்தது. காசு கட்டிவிட்டேன். உன் பதில் வரும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். பதிவு முடிகிறது என்று இரண்டாவது விளம்பரமும் போட்டுவிட்டார்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கேற்றுக்கு உள்ளே நிற்கிற ஆள், வெளியே நிற்கிற ஆளைப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் நீ ஏன் இருக்கிறாய் என்று கேட்கத்தான் வருகிறது. கூரைக்கு என்று சொல்வாய். சரி. எனக்குக் கூரை இருக்கிறது. கூரைக்குக் கீழே நான் இருப்பது ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

தபாலில் அனுப்பச் சொல்கிறாய். அதை வாசிப்பது யார்? நீதான். கம்பஸில் நான் எழுதிய எல்லாவற்றையும் நீ வாசித்திருக்கிறாய், எல்லாவற்றையும் நல்லது என்றாய். உன் நல்ல வார்த்தை எனக்கு வேண்டாம் மலர். குணம் சேரின் கெட்ட வார்த்தை போதும்.

இந்த மாதக் கடைசியில் வருகிறோம். இவரும் பிள்ளையும் கூட வருகிறார்கள். மருதானையில் இவருடைய சாச்சா வீட்டில் தங்குவோம். உனக்குக் கரைச்சல் தரமாட்டோம்.

ஸுஹைறா


கல்முனைக்குடி
3.8.1997

மதிப்புக்குரிய சிவமலர் அவர்களுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். தாங்கள் விசாரிக்கமாட்டீர்கள் என்றாலும் எழுதுகிறேன்.

மண்டபப் படிக்கட்டில் ஜெஸீம் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். வியர்த்து மை கரைந்துவிட்டது. தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் குணம் சேரின் பெயர்ப்பலகை. பலகைக்குப் பின்னால் நீங்கள்.

சேர் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார், நீங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வணக்கம். உங்கட பெயர்?" என்று கேட்டீர்கள். விடுதியில் ஒரே சகன் தட்டில் சோறு தின்ற ஆள் என்னிடம் பெயர் கேட்டது. நானும் சொன்னேன்.

கதையையும் சொன்னேன். எழும்பிப் போயிருக்கலாம். காசு கட்டியிருந்தேனே. வெளியே பிள்ளை அழுவது கேட்டது. பால் சுரந்து சட்டை நனைந்தது. முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன். உம்மா குசினிக்குப் போகிற இடம் வரும்போது மணி அடித்தது. "நன்றி. அடுத்தவர்" என்றீர்கள்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "எப்பிடிகா குணம் சேர்? நல்லாக் கேட்டாரா?"

"நல்ல மனிசன். வாய் துறக்கவே இல்ல" என்றேன்.

பற்றிஸ் தந்தார்கள். நீங்கள் சொன்னது சரி. நல்லாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஸுஹைறா ஜெஸீம்


வெள்ளவத்தை
19.8.1997

ஸுஹைறா,

என்னை 'நீங்கள்' என்று எழுதினால் அந்தக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பழையபடியே எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த பெயர்ப்பலகைகளில் எத்தனைக்குப் பின்னால் அந்தப் பெயருள்ள ஆள் இருந்தார் என்று என்னைக் கேட்காதே. எங்கள் மேசையை மட்டும் சொல்கிறேன். பெயர் கொடுப்பதற்கு குணம் சேருக்கு ஏதோ கிடைக்கிறது. இருப்பதற்கு ஆள் அனுப்புகிறார். அந்த ஆள் நான். ஆட்களைத் தெரிந்ததாகக் காட்டக்கூடாது, ஒருவருக்குச் சிரித்தால் மற்றவர் முறைப்பாடு கொடுப்பார் என்று எங்களுக்குக் கட்டளை. நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அழுதிருப்பேன் என்று எழுதலாம். அது உண்மை இல்லை. நான் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ முடிக்க வேண்டுமே என்று.

இனி நீ நம்பமாட்டாத செய்தி. நான் ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். உன்னுடையதுக்கு இப்படி எழுதினேன்: 'தாய். மூன்று மகள்மார். ஒவ்வொரு கலியாணத்திலும் ஒரு வீடு போகிறது, கடைசியில் தாய்க்கு ஒரு குசினி.' சேர் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் கையில் எடுத்தார். "இது ஓடும் மலர். பொம்புளையள் எல்லாம் ரீவிக்கு முன்னால இருந்து அழுவாளவை" என்றார். வாங்குவதற்குத் தயார்.

ஒரு மாற்றம் கேட்கிறார். மூன்று மருமகன்மாரில் ஒருவனைக் குடிகாரனாகப் போட வேண்டுமாம். கிழவியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற இடம் உன்னிடம் இல்லை, அதை எழுதிச் சேர்க்க வேண்டுமாம். கடைசியில் அவள் ரோட்டில் நிற்க வேண்டும், மழை பெய்ய வேண்டும்.

அப்படியென்றால் அந்தச் சந்திப்புக்கு வந்தது வீண் இல்லைத்தானே என்று நீ கேட்பாய். கேட்கலாம். ஆனால் ஒன்றை யோசி. நீ தபாலில் அனுப்பியிருந்தாலும் அதை வாசித்து அந்த இரண்டு வரியை எழுதியிருக்கப் போவது நான்தான். முத்திரைக்கும் அதே கண், கட்டணத்துக்கும் அதே கண்.

என்ன சொல்லட்டும் சேரிடம்?

மலர்


கல்முனைக்குடி
7.9.1997

மலர்,

கோபம் எழுதி முடிந்துவிட்டது. நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தேன். இவர் உரக்க வாசித்தார். வாங்கத் தயார் என்ற இடத்தில், என்னை மறித்து நின்று இன்னொரு தரம் வாசித்தார். என் உம்மா பின்னால் மீன் ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்தா.

"யாருகா தள்ளினது?"

"கதையில உம்மா" என்றேன்.

"யாருட கதை? வீட்ட விட்டுப் போனது நான்தானே? ஒருத்தனும் என்னத் தள்ளல்ல. நான் குடுத்தன். நீ அங்க போய் என்ன சொன்னாய்? நான் குடுத்தன் எண்டு சொன்னியா?"

நான் சொன்னேனா என்று யோசித்தேன் மலர். சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதையில் எந்த இடத்திலும் இல்லை.

அந்தச் சந்திப்பு முடிந்து வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒரு ஆசிரியை இருந்தா. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவ. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, கொழும்புக்கு எதுக்கு வந்தீங்க என்று கேட்டா. எனக்கும் யாரிடமாவது கொட்ட வேண்டும் போல இருந்தது. கதை முழுவதையும் சொன்னேன். மணி இல்லை. கேட்டுவிட்டு, "ஏன் அந்த அம்மா மகளுக்கு வீட்டக் குடுத்திட்டு வெளிய போகணும்? பொண்ணுதானே கட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்?" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. இது தெரியாத ஆளா என்று நினைத்துக்கொண்டேன். களைப்பில் அதற்குப் பதிலும் சொல்லவில்லை.

இப்போது விளங்குகிறது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பது, தாய் தகப்பன் அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டை எழுப்பப் புறப்படுவது, இதெல்லாம் காற்று மாதிரி. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ காரைதீவுப் பிள்ளை. உன் அம்மாவும் உன் அக்காவின் பின்வளவில்தான் இருக்கிறா. அதனால் உனக்கும் தோன்றவில்லை. நான் சொல்லாமல் விட்டேன், நீ கேட்காமல் எழுதினாய், கொழும்பில் பிறந்து வளர்ந்த உன் சேர் வாசித்தார். வீடு 'போகிறது' என்றால் யாரோ பறித்துவிட்டான் என்றுதானே எவரும் நினைப்பார்?

அந்த ஐந்து நிமிடத்தில் பலகைக்குப் பின்னால் குணம் சேரே இருந்திருந்தால், அவர் கேட்டிருப்பார். நானும் சொல்லியிருப்பேன். நான் காசு கட்டியது அந்தக் கேள்விக்குத்தான். அது எனக்கு பஸ்ஸில் சும்மா கிடைத்தது, நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சேரிடம் சொல்: குடிகார மருமகன் இல்லை. மழையும் இல்லை. அவருக்கு அப்படித்தான் வேண்டும் என்றால் என் கதை வேண்டாம். இதைச் சொல்ல எனக்குச் சுகமாக இல்லை. அன்று உம்மா மீன் ஆயத் திரும்பிப் போனபிறகு நான் இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன், அந்தத் தள்ளுகிற இடத்தை. நல்லாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஜெஸீம் வாசித்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. "நாளைக்கு ஊர் இத ரீவில பாத்தா, நான் ஆலைக்கு எந்த முகத்தோட போறது?" என்று மட்டும் கேட்டார். கிழித்து அடுப்பில் போட்டேன்.

முதல் காட்சியை மாற்றி எழுதியிருக்கிறேன். இத்துடன் வைக்கிறேன். கலியாணம் முடிந்த மறுநாள் காலையில் உம்மா வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பை மகளின் கையில் கொடுக்கிறா. கதை அங்கே தொடங்குகிறது.

ஸுஹைறா


வெள்ளவத்தை
28.9.1997

அன்புள்ள ஸுஹைறா,

சேரிடம் சொன்னேன். "அப்ப அவவிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உன் முதல் காட்சியையும் கொடுத்தேன். பாதியில் தொலைபேசி வந்துவிட்டது. திரும்பி வந்து அடுத்ததை எடுத்தார். ஆகவே நீ கேட்ட கெட்ட வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

மற்றது, டிசம்பரில் திரும்பவும் அந்தச் சந்திப்பு வைக்கிறார்கள். என்னை மேசைக்குப் போகச் சொன்னார். போகிறேன், ஆனால் பலகையில் என் பெயரைப் போடுங்கள் என்றேன். "உன்ட பேரப் பாத்து ஆர் காசு கட்டுவினம்?" என்று கேட்டார். அதைத்தான் நானும் யோசிக்கிறேன் சேர் என்றேன். இன்னும் பதில் சொல்லவில்லை. வேலையில் இருந்து நிற்பாட்டவும் இல்லை. சுவர் இன்னொரு மாரிக்கு நனைந்தாலும் நனையும்.

உன் காட்சியை நான் தங்கியிருக்கிற வீட்டு அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். கொழும்புச் செட்டி மனிசி. எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. எல்லாம் விளங்கியது என்றா. ஆனால் ஒரு கேள்வி கேட்டா. அதை உன்னிடம் அனுப்புகிறேன். மேசையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மாதிரியும் இருக்கிறது.

"திறப்பை நீட்டினால் அந்த மகள் ஏன் வாங்குகிறாள்? தாய்க்குப் போக இடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்தானே?"

மலர்


கல்முனைக்குடி
17.10.1997

அன்புள்ள மலர்,

அந்த அன்ரியின் கேள்வியை உம்மாவிடமே கேட்டேன். முதல் காட்சியை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டேன். பிள்ளை அவவின் மடியில் இருந்து முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது.

"பொய்" என்றா உம்மா.

"எது பொய்?"

"திறப்ப நான் எப்பகா உன்ட கையில தந்தன்?"

எனக்கு ஞாபகம் இல்லை. கொடுத்திருப்பா என்று நானாக எழுதியிருந்தேன். கொடுக்காமல் எப்படி?

"கதவுலயே விட்டுட்டுப் போனன். வெளிப்பக்கத்தால. நீ சுபஹுத் தொழ எழும்பக்குள்ள நான் சட்டி பானையோட அங்கால வளவுக்குப் போயிட்டன். கையில தந்தா நீ வேணாமெண்டிருப்பாய். வேணாமெண்டு நீ சொன்னா நான் நிண்டிருப்பன். மறுகா உன்ட தங்கச்சிக்கு வீடு ஏது?"

அன்று காலை கதவைத் திறக்கும்போது திறப்பு வெளியே தொங்கியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கலியாண வீட்டு அமளியில் யாரோ மறந்து விட்டார்கள் என்று நினைத்து, எடுத்து ஆணியில் மாட்டியிருந்தேன். இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

உம்மா பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தா. "இவளுக்கும் ஒண்டு எழுப்பத்தானே வேணும். அப்ப தெரியும் உனக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனா.

காட்சியைத் திரும்ப எழுதியிருக்கிறேன். அதில் யாரும் கதைப்பதில்லை. தபாலில்தான் அனுப்புகிறேன், முத்திரை ஒட்டி. குணம் சேருக்கு அல்ல. உன் பெயருக்கு.

வாசித்துவிட்டு நல்லது என்று எழுதாதே. கேள் ஏதாவது.

ஸுஹைறா